பழைய டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார்: பிரித்துச் சரி செய்வதா, புதிது வாங்குவதா, குஜ்ரியில் (பழைய பொருள் சந்தை) தேடுவதா?

எஞ்சினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டர்) ஒரேயடியாகப் போய்விட்டால் முடிவு எடுப்பது சுலபம். மூன்று முறை ஒழுங்காக எடுத்துவிட்டு நான்காவது முறை 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடும் மோட்டார்தான் ஆளைப் படுத்தும். மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் சமர்த்தாக எடுக்கும். அவர் கிளம்பிப் போன பிறகு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் புறப்படும்போது மறுபடியும் 'டக்'. சில்க் போர்டு நெரிசலில் எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே வண்டியை வெளியே எடுக்காமல் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பெங்களூரில் பலர் இருக்கிறார்கள்.

அவர்களுக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "செல்ஃப் போச்சு சார், புதுசு போட்டுடுங்க." சில நேரம் அது சரியான பதிலாக இருக்கும். பல நேரம் இல்லை. அளந்து பார்த்த பிறகு கோளாறு மோட்டாருக்குள் இருக்கிறது என்று உறுதியானால், காப்பர் பாயிண்ட் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கும் செம்புத் துண்டுகள்), பிரஷ் (சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டி), புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) வரைக்கும் உங்கள் சொந்த மோட்டாரையே பிரித்துச் சரி செய்துகொள்ளுங்கள். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் செம்புச் சுருள் பகுதி) போயிருந்தால் யோசிக்காமல் ஒரிஜினல் புதியது வாங்குங்கள். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் குறைவு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கோளாறு மோட்டாரில்தானா?

டீசல் எஞ்சினில் செல்ஃப் மோட்டாருக்கு வேலை அதிகம். பெட்ரோல் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் பத்தைச் சுற்றி இருக்கும்; டொயோட்டா க்வாலிஸில் வந்த 2.4 லிட்டர் எஞ்சின் போன்ற பழைய டீசல்களில் அது இருபதுக்கு மேல். அந்த அழுத்தத்தில் சூடாகும் காற்றுதான் டீசலைப் பற்ற வைக்கிறது. அதனால் எஞ்சின் சுற்றினால் மட்டும் போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் வெள்ளைப் புகை வருமே தவிர எஞ்சின் பிடிக்காது. இதற்கு மோட்டார் 200, 300 ஆம்பியர் என்று இழுக்கிறது. இவ்வளவு கரண்ட் போகும் பாதையில் துருப்பிடித்த ஒரு போல்ட் இருந்தாலே போதும், நல்ல மோட்டாரும் நோஞ்சான் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதும். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அப்புறம் டீசல் பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டின் (எஞ்சினை நிறுத்த டீசலை அடைக்கும் மின் வால்வு) வயரைக் கழற்றிவிட்டு, வண்டி நியூட்ரலில் இருக்க, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் பிடிக்காமல் சுற்றும், நீங்கள் நிதானமாக அளக்கலாம். சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்து செய்யவேண்டியதை பல எலெக்ட்ரீஷியன்கள் செய்வதே இல்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயத் தண்டிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல. இன்னொரு முனையை மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில் வையுங்கள். சாவி திருப்பும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தக் கேபிளிலோ அதன் முனைகளிலோ மின்சாரம் வீணாகிறது என்று அர்த்தம். அதே மாதிரி பேட்டரியின் மைனஸ் தண்டுக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் இடையே அளந்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த எர்த் பக்கம்தான். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை பெயின்ட்டுக்கும் துருவுக்கும் மேலே மாட்டப்பட்டிருக்கும். கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அதை மாட்டாமலே விட்டிருப்பார்கள். உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, தேவைப்பட்டால் தடிமனான புதுக் கேபிள் ஒன்று போட்டால் வேலை முடிந்தது. மோட்டாரைக் கழற்றவே வேண்டாம்.

இன்னொரு அளவும் முக்கியம். சாவியைத் திருப்பினால் 'டக்' சத்தம் மட்டும் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை என்று வையுங்கள். அந்த நேரத்தில், மோட்டாரோடு சேர்ந்திருக்கும் சொலினாய்டின் (சாவி திருப்பியதும் காப்பர் பாயிண்டைச் சேர்க்கும் மின்காந்த சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். பேட்டரியின் வோல்ட்டேஜ் அப்படியே தெரிந்தால், உள்ளே காப்பர் பாயிண்ட் சேரவில்லை. சில மில்லி வோல்ட் மட்டுமே தெரிந்தால், பாயிண்ட் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதற்கு அப்பால் பிரஷிலோ ஆர்மேச்சரிலோ இருக்கிறது. இந்த ஒரு அளவே பிறகு கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

இக்னிஷன் சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்கு வரும் சின்ன வயரையும் விட்டுவிடக் கூடாது. பல பழைய வண்டிகளில் சொலினாய்டை இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்தத் தேய்ந்த சுவிட்ச் வழியாகவே போகிறது. அங்கே 8 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால் சொலினாய்டு சில நாள் இழுக்கும், சில நாள் இழுக்காது. எஞ்சின் சூடாக இருக்கும்போது காயிலின் மின்தடையும் கூடிவிடுவதால், டீ குடிக்க நிறுத்திய இடத்தில்தான் காலை வாரும். இடையில் ஒரு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வழியே கரண்ட் கொடுத்தால் இது தீரும். இது மிக மலிவான வேலை. இதைச் செய்து பார்க்காமலே புது மோட்டார் வாங்கியவர்கள் ஏராளம்.

மோட்டார் விறுவிறுவென்று சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் மீது பழியே போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் விடியற்காலை 15 டிகிரியைத் தொடும்போது ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டால் இப்படித்தான் ஆகும். டீசல் லைனில் காற்று நுழைந்திருந்தாலும் இதே கதைதான்.

சொந்த மோட்டாரைப் பிரிப்பது

என் க்வாலிஸின் மோட்டாரை அல்சூரில் ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடையில் என் கண் முன்னால் பிரித்தார்கள். சொலினாய்டின் மூடியில் மூன்று சின்ன போல்ட்டுகள். அதைத் திறந்ததும் கருப்புப் பொடி கொட்டியது. உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். பிளஞ்சர் என்ற நகரும் தண்டின் முனையில் இருக்கும் செம்பு வட்டு வந்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். பேட்டரி பக்கத்துத் துண்டு பிறை மாதிரி அரித்துப் போயிருந்தது. மோட்டார் பக்கத்துத் துண்டு பாதிதான் தேய்ந்திருந்தது. வட்டு இந்தப் பக்கம் தொடுகிறது, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை இடைவெளி. சில நாள் தொடும், சில நாள் தொடாது என்பதற்குக் காரணம் அந்த மயிரிழைதான். கடைக்காரத் தம்பி வட்டை என் கையில் கொடுத்தார். விளிம்பில் விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது.

டொயோட்டா டீசல்களில் வரும் டென்சோ வகை கியர் ரிடக்ஷன் மோட்டாரில் (உள்ளே பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் வகை) இது மிகப் பரவலான கோளாறு. பாயிண்ட் இரண்டும் பிளஞ்சரும் தனியாகவே கிடைக்கும். மொத்தச் செலவு சில நூறு ரூபாயிலேயே அடங்கிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: பாயிண்டை மாற்றும்போது பிளஞ்சரையும் மாற்றச் சொல்லுங்கள். பள்ளம் விழுந்த பழைய வட்டு புதுப் பாயிண்டைச் சீக்கிரமே தின்றுவிடும். புதுத் துண்டுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஒன்று சற்றே மேலே இருந்தால் பழைய கதை மறுபடி தொடங்கும்.

இந்திய வண்டிகளில் வரும் லூகாஸ் டிவிஎஸ், பாஷ் மோட்டார்கள் பலவற்றில் சொலினாய்டு முழுதாக மூடப்பட்டிருக்கும். அதை ஒரே துண்டாக மாற்றிவிடுவதே நல்லது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஸ்பேனரால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் எடுத்துவிடும். அது சிகிச்சை இல்லை, நோய் எங்கே என்று காட்டும் அடையாளம் மட்டும்தான். பிரஷ், ஸ்பிரிங், இரண்டு பக்கத்துப் புஷ் அல்லது பேரிங், பெண்டிக்ஸ் (மோட்டாரின் பல்சக்கரத்தை எஞ்சினோடு கோக்கும் கிளட்ச்) எல்லாம் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கின்றன. புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்து காயிலின் இரும்பில் உரசும். அதனால்தான் மோட்டார் கனமாகச் சுற்றுகிறது என்று தெரியாமல் பேட்டரியை மாற்றுபவர்கள் உண்டு.

இந்த வழியின் பெரிய பலம், உங்கள் வண்டியோடு வந்த ஒரிஜினல் உடம்பும் ஆர்மேச்சரும் உங்களிடமே இருக்கின்றன என்பது. அந்தக் காலத்துச் செம்பும் வார்ப்பும் இன்றைய மலிவுப் பொருளில் இல்லை. பலவீனம் எலெக்ட்ரீஷியனின் கையில் இருக்கிறது. கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) லேத்தில் ஒரு சீவு சீவிவிட்டு, செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைக் கீழே அறுத்துவிடாமல் மாட்டிக் கொடுப்பவர் இருக்கிறார். அப்படிச் செய்தால் புதுப் பிரஷ் மைக்கா மேல் குதித்துக் குதித்துச் சீக்கிரம் போய்விடும். ஆகவே கடையில் உட்காருங்கள். பிரிக்கும்போதும் பாருங்கள், சேர்க்கும்போதும் பாருங்கள்.

மோட்டாரை மேஜையில் வைத்துச் சும்மா சுற்றிக் காட்டினால் அதை நம்ப வேண்டாம். பாரம் இல்லாமல் நொண்டி மோட்டாரும் ஓடும். வண்டியில் மாட்டிய பிறகு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் போட்டு, எஞ்சினைச் சுற்றும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி மட்டும்தான் அளக்கும், அது இங்கே பிரயோஜனமில்லை.

ஆர்மேச்சர் போயிருந்தால்

ஆர்மேச்சரைச் சோதிக்கும் கருவியான க்ரௌலரில் வைத்துப் பார்த்து ஷார்ட் என்று தெரிந்தாலோ, சூட்டில் ஈயம் உருகி வெளியே தெறித்திருந்தாலோ, "ரீவைண்டிங் பண்ணிக் கொடுக்கிறேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு ரீவைண்டிங் சரி. இதில் இருப்பது மெல்லிய கம்பி இல்லை, தடித்த செம்புப் பட்டை. கம்யூட்டேட்டரோடு அது சேரும் இடத்தில் சின்னக் குறை இருந்தாலும் 300 ஆம்பியரில் அந்த இடம் கொதித்துவிடும். இந்தக் கட்டத்தில் பழுதுபார்ப்பது லாபமில்லை.

இங்கேதான் புது ஒரிஜினல் வர வேண்டும். விலை பழுதுச் செலவைவிடப் பல மடங்கு. ஆனால் சொலினாய்டு, பெண்டிக்ஸ், பிரஷ் எல்லாம் ஒரே நாளில் புதிதாகிவிடும், பில்லும் வாரண்டியும் உண்டு. லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கிய கம்பெனி. பாஷ் 1951-இல் மைக்கோ என்ற பெயரில் இந்தியாவில் ஆரம்பித்து, பெங்களூர் ஆடுகோடியில் காலூன்றியது. இந்த இரண்டு பெயர்களுக்கும் போலி அட்டைப்பெட்டி அடிப்பவர்கள் இருப்பதால், ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால், அந்தக் குறைவுக்கு நீங்கள் விற்பது உங்கள் வாரண்டியை.

பெயர் தெரியாத இறக்குமதி மோட்டார்கள் ஒரிஜினலில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். டீசலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கியர், கிளட்ச், பாயிண்ட் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்துத்தான் அந்த விலை வருகிறது. என் நண்பர் ஒருவர் தன் சுமோவுக்கு ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு அப்படி ஒன்று வாங்கினார். அடுத்த மழைக்காலத்துக்குள் பெண்டிக்ஸ் வழுக்க ஆரம்பித்துவிட்டது. பழைய ஒரிஜினலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததால் திரும்பவும் வழியில்லை. எது வாங்கினாலும் சரி, பழைய மோட்டாரைக் கையோடு எடுத்து வாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச், குஜ்ரி

எக்ஸ்சேஞ்ச் என்பது உங்கள் மோட்டாரைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்கும் வேறொரு மோட்டாரை வாங்கி அன்றைக்கே மாட்டிக்கொள்வது. டாக்ஸி, டெம்போ ஓட்டுபவர்களுக்கு இது சரி. அவர்களுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. சொந்த வண்டிக்கு அந்த அவசரம் இல்லை. நல்ல ஆர்மேச்சர் உள்ள உங்கள் மோட்டாரைக் கொடுத்துவிட்டு, யாருடையது, எத்தனை கை மாறியது என்று தெரியாத ஒன்றை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சிவாஜிநகர் குஜ்ரியைப் பற்றி இரண்டு விதமாகவும் கேட்டிருப்பீர்கள். அங்கே உடைத்த வண்டிகளிலிருந்து வரும் மோட்டார்கள் குவிந்து கிடக்கும், பேரமும் நடக்கும். முழு மோட்டாரை வாங்கி அப்படியே மாட்டலாம் என்று போனால் அது லாட்டரி. உங்கள் மோட்டாரின் முன்பக்க வார்ப்பு உடைந்துவிட்டது, கடையில் தனியாக வராது என்றால், அந்த ஒரு துண்டுக்காகக் குஜ்ரிக்குப் போவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் பழைய மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பினியனின் (மோட்டார் முனையில் உள்ள பல்சக்கரம்) பல் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடைவெளி, சுற்றும் திசை, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, கிலோவாட் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பல் வித்தியாசம், பினியன் கோக்கும் எஞ்சின் பக்கத்துப் பல்வளையமான ரிங் கியரையே அழித்துவிடும்.

பழைய வகை டைரக்ட் டிரைவ் மோட்டார் உள்ள வண்டிகளுக்குக் கியர் ரிடக்ஷன் மோட்டாராக மாற்றிக்கொள்வதும் ஒரு வழி. எடை குறைவு, கரண்டும் குறைவாக இழுக்கும், எஞ்சின் வேகமாகச் சுற்றும். எப்படியும் புது மோட்டார் வாங்க வேண்டிய நிலைமை, உங்கள் வண்டிக்கு அளவெடுத்துச் செய்த மாடலே கிடைக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். பிராக்கெட்டை வெல்டிங் வைத்துப் பொருத்துகிறேன் என்றால் வேண்டாம்.

ரிங் கியர்

மோட்டார் மாற்றியும் சில நேரம் 'கர்ர்' என்று உரசுகிறது, வண்டியைக் கியரில் போட்டு ஒரு அடி நகர்த்தினால் எடுத்துவிடுகிறது என்றால், ஃப்ளைவீலின் ரிங் கியரில் பல் போயிருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஆஃப் ஆகும்போது கம்ப்ரஷன் காரணமாக ஏறக்குறைய இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். எனவே அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் தேய்ந்துபோகும். மோட்டார் கழற்றியிருக்கும்போது அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். ரிங் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ரிங்கைச் சூடேற்றி ஏற்ற வேண்டும். அதனால் கிளட்ச் வேலை வரும் வரை தள்ளிப்போட முடிந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது.

வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா?

க்வாலிஸ் 2000-இலிருந்து 2005 வரைதான் பிடதியில் தயாரானது. ஆகவே இன்று ஓடும் ஒவ்வொன்றும் 20 வயதைக் கடந்துவிட்டது. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கு வந்த தடை போன்ற சிக்கல் இங்கே இல்லை. ஆனால் 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் கார்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி, எஃப்சிக்கு முன் செய்யும் வேலைகள் எல்லாம் தனி.

இதை வைத்து நான் போடும் கணக்கு இது. ஆர்சி புதுப்பிக்க இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு விற்றுவிடுவேன் என்றால் பாயிண்ட், பிரஷ், கேபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்மேச்சர் போயிருந்தால் மட்டும், அந்த ஒரு சந்தர்ப்பத்தில், நம்பகமான கடையின் எக்ஸ்சேஞ்ச் போதும். இப்போதுதான் புதுப்பித்தேன், அடுத்த 5 ஆண்டு ஓட்டுவேன் என்றால் எர்த் கேபிள் முதல் ரிலே வரை எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்துவிடுங்கள். பாதி வேலை செய்துவிட்டு, மீதிக் கோளாறுக்காக மறுபடி மோட்டாரை இறக்கினால் கூலிதான் இரட்டிப்பாகும்.

கழற்றும்போது

மோட்டாரில் வந்து சேரும் பெரிய கேபிளில், சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் கரண்ட் இருக்கும். பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஸ்பேனர் பாடியில் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். ரோட்டோரத்தில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு போல்ட்டையும் சேர்த்து எடுக்க வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வண்டி கியரில் இருந்தால் அப்படியே முன்னால் பாயும், முன்னால் நிற்பது நீங்கள்தான்.

புதிதோ பழையதோ, மாட்டிய மோட்டாரை ஒரேயடியாக 10 விநாடிக்கு மேல் சுற்ற விடாமல், அரை நிமிஷமாவது ஆறவிட்டு அடுத்த முறை முயலுங்கள். வேலை முடிந்ததும் காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒரு முறை, ஹோஸ்கோட்டை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய சூட்டில் ஒரு முறை, இரண்டிலும் அதே கேபிள், எர்த் அளவுகளை எடுத்துக் குறித்துவையுங்கள். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கடைக்காரருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம். சூட்டில் மட்டும் எண் மோசமானால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.